தெருவில் இலவசமாக நடப்பதற்கு 780 பவுண்டு வாங்கிவிட்டார்கள்: எச்சரிக்கை

780 பவுண்டு. எனக்கும் என் தங்கைக்கும் சேர்த்து. பிரிஸ்டல், லண்டன், எடின்பரோ மூன்று ஊர்களிலும் சுவரோவியங்களையும் தெருக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளையும் காட்டுகிறோம் என்று சொல்லி வாங்கிய பணம். எங்களுக்குக் கிடைத்தது ஓர் ஆடியோ கோப்பு, கூட்டத்தோடு கூட்டமாக ஒரு நடை, யாருமே ஏற்காத ஒரு டிக்கெட். ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் பயணம் போக நினைப்பவர்கள் முழுக்கப் படியுங்கள், என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

விற்றது, சுற்றுலா வருபவர்களுக்கு 'அனுபவம்' விற்கும் ஒரு முன்பதிவுச் செயலி. படகுச் சவாரி, சமையல் வகுப்பு, நடைச் சுற்றுலா, இப்படி. செயலிக்குக் கமிஷன், நடத்துவது வேறு ஏதோ ஒரு ஏற்பாட்டாளர். பணம் வாங்கும்வரை இரண்டு பேரும் ஒரே குடும்பம் மாதிரி இருப்பார்கள். அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் தெரியாது.

விளம்பரத்தில் இருந்ததைச் சொல்கிறேன். பிரிஸ்டலில், யாரென்றே வெளியில் காட்டிக்கொள்ளாத தெரு ஓவியர் பேங்க்ஸியின் ஓவியங்களை, ஒரு ஸ்டென்சில் (வெட்டிய அட்டையை வைத்துப் பெயின்ட் அடித்து வரைவது) கலைஞரே நேரில் வந்து காட்டுவார். லண்டனில் சுவரோவியங்கள் நிறைந்த லீக் தெருவும் ஷோர்டிச் பகுதியும், அதிகபட்சம் எட்டுப் பேர். எடின்பரோவில் ஆகஸ்ட் மாத ஃப்ரின்ஜ் விழாவின் தெரு நிகழ்ச்சிகளுக்கு முன்வரிசை இருக்கை, கலைஞரோடு சந்திப்பு, 'கலைஞர்களுக்கான அன்பளிப்பு கட்டணத்தில் அடக்கம்'. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுமுன் நான் சும்மா இருக்கவில்லை. செயலியின் சாட்டில் கேள்விகள் கேட்டேன். மறுநாள் ஏற்பாட்டாளர் தரப்பிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தார். "அக்கா, நீங்க கேட்ட கேள்வியப் பாத்தாலே தெரியுது, உங்களுக்கு இதுல ஆர்வம் இருக்குன்னு." சரி, இது வியாபாரப் பேச்சு என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆள் விஷயம் தெரிந்தவர். லண்டன் ஹான்பரி தெருவில் பெல்ஜியக் கலைஞர் ரோவா வரைந்த, கட்டட உயரத்துக்கு நிற்கும் பறவையைப் பற்றிப் பேசினார். பக்கத்திலேயே பிரின்ஸ்லெட் தெருவில், கைகோத்து நிற்கும் இரண்டு குச்சி மனிதர்களை ஸ்டிக் என்ற கலைஞர் வரைந்திருப்பதையும், அதில் ஒருவர் நிகாப் அணிந்த பெண் என்பதையும் சொன்னார். லண்டனின் கோவென்ட் கார்டன் சதுக்கத்தில் 1662இலேயே, டைரிக்குப் பேர்போன சாமுவேல் பீப்ஸ் பொம்மலாட்டம் பார்த்துவிட்டு டைரியில் எழுதினார் என்றார். எல்லாமே உண்மை, நான் சரிபார்த்தேன். சுவரில் இருப்பது எப்போது வேண்டுமானாலும் அழியும், எது இன்னும் இருக்கிறது என்பது உள்ளூர்க் கலைஞனுக்குத்தான் தெரியும், அதற்குத்தான் இந்தக் கட்டணம் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அந்த வாதத்தில் தப்பு இல்லை. சொன்ன ஆள்தான் தப்பு.

"கவலையே படாதீங்க அக்கா, எதுனாலும் என் நம்பருக்கு நேரா ஒரு மெசேஜ் போடுங்க." அன்று இரவே 780 பவுண்டு கட்டினேன்.

பிரிஸ்டலில் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் நின்றோம். யாரும் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துச் செயலியில் ஒரு தகவல்: கைடுக்கு உடம்பு சரியில்லை, அதற்குப் பதிலாக ஆடியோ வழிகாட்டி இணைக்கப்பட்டுள்ளது. அதையும் போட்டுக் கேட்டோம். சுவரில் இருக்கும் மஞ்சள் அலாரப் பெட்டியையே காதணியாக வைத்து பேங்க்ஸி வரைந்த பெண் பார்க் தெருவில் இருக்கிறாள் என்கிறது! அந்த ஓவியம் இருப்பது துறைமுகப் பக்கம், ஹானோவர் பிளேஸில். 2014இல் வந்தது. பார்க் தெருவில் இருப்பது வேறு, 2006இல் வரைந்த, ஜன்னலில் ஒற்றைக் கையால் தொங்கும் ஆள். பேங்க்ஸியைப் பற்றி ஓர் அரை மணி நேரம் படித்தவன்கூட இதைக் குழப்ப மாட்டான்.

அப்புறம் மேப்பை வைத்துக்கொண்டு நாங்களே நடந்தோம். ஸ்டோக்ஸ் கிராஃப்டில் போலீஸ்காரர்கள் மீது பெட்ரோல் குண்டு எறியத் தயாராக நிற்கும் கரடி பொம்மை, பேங்க்ஸி 1999இல் வரைந்தது, அப்படியே இருக்கிறது. தொங்கும் ஆளை வைத்திருப்பதா அழிப்பதா என்று நகராட்சி மக்களிடமே கேட்டதாம், மிகப் பெரும்பான்மையோர் இருக்கட்டும் என்றார்களாம். அவன்மேல் யாரோ அடித்த நீலப் பெயின்ட் கறையோடு இன்னும் தொங்குகிறான். ஓவியங்கள் அத்தனை அழகு. டிக்கெட் கிடையாது, வாசல் கிடையாது, தெருவில் நடக்கிற எவரும் பார்க்கலாம். ரசிக்க ரசிக்க 780 பவுண்டு என்ற எண்தான் எனக்குள் ஓடியது.

லண்டனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எட்டுப் பேர் என்றார்கள், நாற்பதுக்கும் மேல் இருந்தோம். கைடு பேசியது பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவே இல்லை. விளம்பரத்தில் லீக் தெருச் சுரங்கப் பாதையில் பேங்க்ஸி ஓவியங்கள் என்று படம் போட்டிருந்தார்கள். அது 2008 மே மாதம் அங்கே நடந்த தெரு ஓவிய விழாவின் படம். வாட்டர்லூ ரயில் நிலையத்துக்கு அடியில் இருக்கும் அந்தச் சுரங்கத்தில் யார் வேண்டுமானாலும் வரையலாம், அனுமதி உண்டு. இன்று வரைந்ததன்மேல் நாளைக்கு இன்னொருவர் அடிப்பார். 2008இல் வரைந்தது இப்போது எத்தனை அடுக்குப் பெயின்டுக்குக் கீழே கிடக்கிறதோ. அந்த இடத்தின் அழகே அதுதான், நான் குறை சொல்லவில்லை. அழிந்துபோன ஓவியத்தைக் காட்டுகிறேன் என்று விற்றவனைத்தான் சொல்கிறேன்.

எடின்பரோதான் உச்சம். 1947இல் எடின்பரோ சர்வதேச விழா என்ற பெரிய விழாவுக்கு அழைப்பில்லாமலே வந்து நாடகம் போட்ட எட்டுக் குழுக்களிடமிருந்து தொடங்கியது ஃப்ரின்ஜ். இன்றும் விழா நாட்களில் பழைய ஊரின் முக்கியத் தெருவான ராயல் மைலில் வண்டிகளை நிறுத்திவிட்டு வித்தைக்காரர்களுக்குத் தெருவை விடுகிறார்கள். நாங்கள் போனபோது நல்ல கூட்டம். முன்வரிசை இருக்கை எங்கே என்று தேடினோம். இருக்கையே இல்லை! கல் பாவிய தரையில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் பெரியவர்கள் நிற்கிறார்கள், முதலில் வந்தவருக்கு முதல் இடம். விழாப் பணியாளர் ஒருவரிடம் போனைக் காட்டினேன். இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "தெரு நிகழ்ச்சிக்கு டிக்கெட்டே கிடையாது, யார் உங்களுக்கு இதை விற்றது?" என்று கேட்டார்.

ஒருவர் உயரமான ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறிக் கத்திகளை வீசிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். எங்கள் டிக்கெட் பக்கத்தில் இருந்த படம் அவருடையது. நிகழ்ச்சி முடிந்து தொப்பியை நீட்டும் நேரம், வழக்கமான வசனம் சொன்னார்: எனக்குச் சம்பளம் தருபவர் யாரும் இல்லை, நீங்கள் போடுவதுதான் வருமானம். கூட்டம் கலைந்ததும் போய் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவருக்கு எதுவுமே தெரியாது. படத்துக்கு யாரும் அனுமதி கேட்கவில்லை, அந்த 'அன்பளிப்பு' ஒரு பென்னிகூட அவரிடம் போகவில்லை. "எந்த இடம், எந்த நேரம் என்பது சீட்டுப் போட்ட பிறகுதான் எனக்கே தெரியும். என் நேரத்தை அவன் எப்படி முன்கூட்டியே விற்றான்?" என்று கேட்டார். என்னைவிட அவருக்குக் கோபம். எங்களை மாதிரி 'ஏற்கெனவே கட்டிவிட்டோம்' என்று எத்தனை பேர் தொப்பியைத் தாண்டிப் போனார்களோ. நாங்கள் தனியாக 20 பவுண்டு போட்டோம். இந்தப் பயணத்தில் உரிய ஆள் கைக்குப் போன பணம் அது ஒன்றுதான்.

இனி பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை. செயலியின் சாட்டில் முதலில் ரோபோ வந்தது. 'உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது' என்றது. பிறகு ஒரு மனிதர் வந்தார், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, ஏற்பாட்டாளரைக் கேளுங்கள் என்றார். ஏற்பாட்டாளருக்கு மெயில் போட்டால், பணம் வாங்கியது செயலிதான், அவர்களைக் கேளுங்கள் என்று பதில். பிரிஸ்டல்? ஆடியோ கொடுத்துவிட்டோமே, சேவை நிறைவேறியது. எடின்பரோ? 'தெரு நிகழ்ச்சிகள் வானிலையைப் பொறுத்து மாறக்கூடும்.' அன்று நல்ல வெயில்! படம் அனுப்பினேன், புகார் முடிக்கப்பட்டது என்று வந்தது. திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினார்கள். கடைசியாகக் கொடுத்தது, அடுத்த முன்பதிவில் 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். 780 பவுண்டை விழுங்கிவிட்டு, இன்னொரு தடவை வா, கொஞ்சம் குறைத்து விழுங்குகிறேன் என்கிறார்கள்.

தமிழில் பேசியவர்? நான் அனுப்பியதையெல்லாம் பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு பதில்: "நான் சேல்ஸ் மட்டும்தான் மேடம்." அக்கா போய் மேடம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த எண்ணில் முகப்புப் படத்தையும் காணோம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சட்டென்று சொல்கிறேன்:

தெருவில் நடக்கும் நிகழ்ச்சிக்கு 'இருக்கை' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். விழாவின் சொந்தத் தளத்தில் தெரு நிகழ்ச்சிகள் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அன்பளிப்பு அடக்கம் என்றாலும் நம்பாதீர்கள். தொப்பியில் நேராகப் போடுங்கள், பலர் இப்போது கார்டுகூட வாங்குகிறார்கள்.

சுவரோவியத்தின் படம் எந்த வருடத்தது என்று கேளுங்கள். கைடு யார், பெயர் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். நல்ல நடைச் சுற்றுலாக்களும் இருக்கின்றன, கலைஞர்களே நடத்துகிறார்கள், அவர்களிடம் நேராகப் பதிவு செய்யுங்கள்.

கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வராத சேவைக்கு வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலமே திரும்பப் பெறுவது) கேட்கலாம், பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. சாட், மெயில், விளம்பரப் பக்கம் எல்லாவற்றையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நான் புகார் கொடுத்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து 'முன்வரிசை' என்ற சொல்லை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். விலையை எடுக்கவில்லை.

இதே மூன்று ஊர்த் தொகுப்பை வாங்கிய யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். என் 780 பவுண்டுக்கான சார்ஜ்பேக் மனு வங்கியில் இருக்கிறது. இன்னொருவரிடம் பழைய விளம்பரத்தின் படம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.