வெள்ளைச் சோப்பில் ஒரு செம்புள்ளி: என் ஹேண்ட் பிளெண்டரின் நான்கு ஆண்டுகள்

2021-இல் 1,850 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஹேண்ட் பிளெண்டரின் விலை இப்போது 1,400 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. என்னுடையதைப் பழுது பார்த்து வாங்கி வந்த அதே வாரத்தில், புதிதாகச் சோப்பு காய்ச்சத் தொடங்கியிருக்கும் என் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்து, "பெரியம்மா, நீங்க வச்சிருக்கறதையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 250 வாட், இரண்டு வேகம், கழற்றி மாட்டக்கூடிய எவர்சில்வர் தண்டு என்ற விவரமெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது பெட்டியில் இல்லாதது.

இந்தக் கருவி வருவதற்கு முன் சோப்புக் கலவையை மரமத்தால்தான் கடைந்து வந்தேன். எண்ணெயைச் சோப்பாக மாற்றும் காஸ்டிக் சோடா மரத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடுமாதலால், சில மாதங்களிலேயே மத்தின் விளிம்பு நார்நாராகப் பிரிந்து சோப்பில் சிராய் உதிரத் தொடங்கியது. தேங்காய் எண்ணெய் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. நல்லெண்ணெயும் தவிட்டு எண்ணெயும் சேர்ந்த கலவை ஒரு மணி நேரம் கடைந்தாலும் மோர் போலவே கிடந்து என் தோள்பட்டையைச் சோதிக்கும். ஹேண்ட் பிளெண்டரில் அதே கலவை நான்கு நிமிடங்களில் தோசை மாவுப் பதத்துக்கு வந்து, மேலே சொட்ட விட்டால் கோடு நிற்கும் அளவுக்குக் கெட்டிப்படுவதை முதல் நாள் பார்த்தபோது, பக்கத்து வீட்டம்மாவை அழைத்துக் காட்டினேன். அந்த வியப்பு இன்றும் முழுதாகத் தீரவில்லை.

என் வழக்கமான அளவு தேங்காய் எண்ணெய் 400 கிராம், தவிட்டு எண்ணெய் 300, நல்லெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 100. எண்ணெயில் ஐந்து விழுக்காடு சோப்பாக மாறாமல் மிஞ்சும்படி கணக்கிட்டு 145 கிராம் காஸ்டிக் சோடாவை 290 கிராம் தண்ணீரில் கரைத்துக்கொள்வேன். இதற்கு 250 வாட் தாராளம். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்று மோட்டாரின் மேலேயே அச்சிட்டிருப்பதால், பதினைந்து விநாடி ஓட்டுவதும், நிறுத்திவிட்டு அதே தண்டால் துடுப்புப் போலக் கிளறுவதுமாக மாறி மாறிச் செய்கிறேன். நான்கு ஆண்டுகளில் மோட்டார் ஒருமுறைகூடச் சூடேறி முனகியதில்லை. தண்டின் அடியில் பிளேடை மூடியிருக்கும் கிண்ணத்தைச் சாய்த்து இறக்கி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகே பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை மட்டும், ஊசிக்குத்துத் துளைகள் நிறைந்த இரண்டு தட்டுச் சோப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். பிளேடுக்கு மேலே, சுழலும் கம்பி தண்டுக்குள் நுழையும் இடத்தில், விரல் நகம் போகுமளவுக்கு ஒரு பொந்து இருக்கிறது. துணி போகாது, பல் துலக்கும் பிரஷின் முனையும் போகாது. ஒருமுறை மஞ்சள் சோப்பு செய்தேன். ஆரத்திக்குச் சுண்ணாம்பு சேர்த்தாற்போல, மஞ்சள் தூள் காஸ்டிக் சோடா பட்டவுடன் சிவந்துவிடும். தண்டைச் சுடுநீரில் ஓட்டி, கழுவி, இரண்டு நாள் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தேன். அடுத்த வாரம் செய்த தேங்காய்ப்பால் சோப்பை அறுத்தால், பால்வெள்ளையின் நடுவே மிளகளவில் ஒரு செம்புள்ளி. தண்டை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் சளக்கென்றது. பாத்திரத்தில் ஒட்டிய கலவையை ஒரு நாள் அப்படியே விட்டால் தானே சோப்பாகிக் கழுவ எளிதாகிவிடும் என்பது சோப்பு காய்ச்சுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உத்தி. அதே உத்தி இந்தப் பொந்துக்குள் கல்லாக இறுகி, சுழலும் கம்பியை அரம்போல உராய்ந்திருக்கிறது.

அதன் விளைவாகத்தான் சென்ற மாதம் சோப்பில் தலைமுடி போன்ற கருங்கோடுகள் தெரிந்தன. தண்டுக்குள் கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்து உள்ளிருந்த கிரீஸ் கசிந்திருந்தது. சேவை மையத்தில், சோப்பு செய்யப் பயன்படுத்தியதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றும், வேண்டுமானால் தண்டையே முழுதாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். மிக்சி ரிப்பேர் கடைக்காரர், சுழலும் கம்பியைத் தாங்கும் புஷ்ஷைத் தட்டி எடுத்து, உள்ளே இறுகியிருந்ததைச் சுரண்டி, நாற்பது ரூபாய் சீல் ஒன்றைப் போட்டு அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார். தக்காளி சூப்புக்கும் லஸ்ஸிக்கும் செய்த கருவியைக் காஸ்டிக் சோடாவில் முக்கியது நான்தான். அந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூப் கடைந்தாலும் அந்தப் பொந்து அங்கேயேதானே இருக்கும்? நேற்றைய சூப்பும் அதற்குள் தங்கத்தானே செய்யும்? என் சோப்பு நிறத்தால் காட்டிக்கொடுத்தது, சூப் காட்டிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகவே தங்கை மகளிடம், விலை எவ்வளவு இறங்கினாலும் இதை வாங்காதே என்றேன். கடைக்குப் போனால் வாட்டைக் கேட்பதற்கு முன் தண்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிளேடின் அடியில் இப்படிப் பொந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். கலவையில் படும் பகுதி எதுவும் அலுமினியமாக இருந்துவிடக் கூடாது, காஸ்டிக் சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும் என்பதையும், நல்ல எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாதாகையால் காந்தம் வைத்துச் சோதிப்பது பயன்படாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "அப்ப நீங்க உங்களோடதைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்றாள். போடவில்லை. புது சீலுடன் சென்ற ஞாயிற்றுக்கிழமைகூட இரண்டு கிலோ கடைந்தது. மஞ்சள் சோப்புக்கு மட்டும் எவர்சில்வர் மத்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.