மாங்கா பெட்டித் தொகுப்பு வாங்குவோர் கவனத்திற்கு: அட்டையில் பதிப்பகத்தின் பெயர் இருப்பது மட்டும் போதாது

மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளின் ஆங்கிலப் பதிப்புகளை இணையச் சந்தைகளில் வாங்குகிறவர்களுக்காக, குறிப்பாகப் பிள்ளைகளுக்காக வாங்கிக் கொடுக்கும் பெரியவர்களுக்காக, இதை எழுதுகிறேன். என் அக்காள் மகனின் பிறந்தநாளுக்காக, விஸ் மீடியா வெளியிட்ட ‘டீமன் ஸ்லேயர்’ தொடரின் முழுப் பெட்டித் தொகுப்பை, பெயர் பெற்ற ஓர் இணையச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். வந்தவை அனைத்தும் கள்ள அச்சுப் பிரதிகள். பணம் ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதே சரக்கு இன்னும் விற்பனையில் இருக்கிறது.

விலை சந்தேகத்தைக் கிளப்பும் அளவுக்கு மலிவாக இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முறையான விநியோகஸ்தர் வழியாக வரும் தொகுப்பின் விலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பண்டிகைக் காலத் தள்ளுபடி என்று எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய வித்தியாசம். பாதி விலைக்கு விற்றால் மக்கள் உஷாராகிவிடுவார்கள் என்பது இந்த வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் இருந்த படங்களும் பதிப்பகத்தின் விளம்பரப் படங்களே. பெட்டியும் பார்வைக்கு அப்படியே இருந்தது. நிறம், எழுத்து, சின்னம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

கண்டுபிடித்தவன் பையன்தான். இரண்டாம் பாகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவன், “மாமா, இது ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கே?” என்றான். அவனிடம் அந்தத் தொடரின் முதல் இரண்டு பாகங்கள் ஏற்கெனவே இருந்தன. சென்னையில் ஒரு புத்தகக் கடையில் தனித்தனியாக வாங்கியவை. அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எதையும் விவாதிக்கத் தேவையே இருக்கவில்லை.

மாங்காவில் நிழலும் சாம்பல் நிறமும் மிக நுண்ணிய புள்ளிகளால் ஆனவை. ஸ்கிரீன்டோன் என்று அழைக்கப்படும் அந்தப் புள்ளிப் பரப்பை ஸ்கேன் செய்து, அதை மறுபடி புள்ளிகளாக்கி அச்சிடும்போது, இரு புள்ளி வரிசைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூலத்தில் இல்லாத அலை வடிவக் கோடுகளையும் கட்டங்களையும் உண்டாக்கும். எங்களுக்கு வந்த பாகங்களில் கிமோனோக்களின் மேலும் இரவு வானத்தின் மேலும் அந்த அலைகள் ஓடின. கருப்பு கருப்பாக இல்லாமல் வெளிறிய சாம்பலாக இருந்தது. முடிக் கற்றைகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஓரங்களை அதிகமாக வெட்டியதால் சில பேச்சுக் குமிழ்களின் கடைசி எழுத்துகளே காணாமல் போயிருந்தன. எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று, வெளியீட்டு விவரங்கள் அடங்கிய உரிமைப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஐஎஸ்பிஎன் என்ற தனி நூல் அடையாள எண் இருக்க வேண்டும்; இங்கோ பல பாகங்களில் ஒரே எண் அச்சாகியிருந்தது. அதிகாரபூர்வத் தொகுப்பில் 23 பாகங்களோடு ஒரு சிறு கையேடும், இரு பக்கமும் வண்ணத்தில் அச்சிட்ட ஒரு சுவரொட்டியும் இருக்கும். எங்கள் பெட்டியில் அவை இரண்டுமே இல்லை.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். வந்த பதில்தான் இந்தப் பதிவை இவ்வளவு நீளமாக்குகிறது. “இது இந்தியாவுக்கான பதிப்பு சார், தாள் அப்படித்தான் இருக்கும். விஸ் புத்தகங்களின் தாள் சுமாராகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியுமே” என்பது அவருடைய விளக்கம். இதில் பாதி உண்மை. அதனால்தான் இது ஆபத்தான பதில். மாங்காவின் ஆங்கிலப் பதிப்பகங்கள் ஒரே தரத்தில் புத்தகம் போடுவதில்லை. எந்தப் பதிப்பகத்தின் அசல் எப்படி இருக்கும் என்று தெரியாத வாசகரிடம், அசலின் குறைகளையே காரணமாகக் காட்டிப் போலியைத் தள்ளிவிட முடிகிறது. ஆகவே நானும் என் நண்பர்களும் பல ஆண்டுகளாகச் சேர்த்த புத்தகங்களை வைத்து, அசல்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதைச் சொல்கிறேன்.

விஸ் மீடியா 1986இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்டது. ஜப்பானின் பெரும் பதிப்பகங்களான ஷுவேஷாவும் ஷோகாகுகானும் இன்று அதன் உரிமையாளர்களாக இருப்பதால், ஷோனென் ஜம்ப் இதழில் வரும் புகழ்பெற்ற தொடர்கள் பெரும்பாலும் அதற்கே போகின்றன. போலி அச்சுக்காரர்கள் அதிகமாகக் குறிவைப்பதும் இயல்பாகவே அதைத்தான். அதன் ஷோனென் ஜம்ப் வரிசைப் பாகங்கள் ஏறத்தாழ 12.7 செ.மீ. அகலமும் 19 செ.மீ. உயரமும் கொண்டவை. ஜப்பானியப் பாகங்களில் இருப்பதைப் போல் தனியாகக் கழற்றக்கூடிய மேலுறை இவற்றில் கிடையாது. தாள் மெல்லியது, சொரசொரப்பானது, சில ஆண்டுகளில் மஞ்சளாகும்; இதழில் வண்ணத்தில் வந்த பக்கங்கள் இங்கே சாம்பல் நிறத்தில்தான் வரும். இதுவரை விற்பனையாளர் சொன்னது சரி. ஆனால் அந்த மட்டமான தாளிலும் விஸ் பாகத்தின் கோடு கூர்மையாக இருக்கும், கருப்பு அடர்த்தியாக இருக்கும். தாளின் தரமும் அச்சின் தரமும் வெவ்வேறு. மூன்று பாகங்களை ஒன்றாக்கிய பதிப்புகளில் புத்தகம் தடிமனாகி, நடு மடிப்பில் ஓவியத்தின் ஒரு பகுதி மறைந்துபோவதும் உண்மையே. எனக்கு அந்தப் பதிப்புகள் மேல் பெரிய மரியாதை இல்லை. எனினும் அங்கே மறைவது மடிப்புக்குள்தான். வெளி ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டிருந்தால் அது வேறு கதை.

இதே விஸ் நிறுவனம் சிக்னேச்சர் என்ற பெயரில் வெளியிடும் வரிசை இன்னும் சற்றுப் பெரிய அளவில், நல்ல தாளில் வருகிறது. ஜுன்ஜி இதோவின் திகில் கதைகளைக் கெட்டி அட்டையில் போடுவதும் இந்த வரிசைதான். அந்தப் புத்தகங்களின் பெயரில் மெல்லிய அட்டை போட்ட, அளவில் சிறிய பிரதிகள் உலவுகின்றன. “பேப்பர்பேக் பதிப்பு” என்று யாராவது விற்றால், அப்படியொன்றைப் பதிப்பகம் வெளியிட்டிருக்கிறதா என்று அதன் தளத்தில் முதலில் பாருங்கள்.

ஜப்பானியப் பதிப்பகமான கோடான்ஷாவின் அமெரிக்கக் கிளை 2008இல் தொடங்கப்பட்டது. அதுவரை டெல் ரே என்ற அமெரிக்கப் பதிப்பகம் வெளியிட்டுவந்த கோடான்ஷா தொடர்களை 2010இல் தானே எடுத்துக்கொண்டது. டெல் ரே காலத்திலிருந்தே தொடரும் ஒரு நல்ல வழக்கம், பாகத்தின் இறுதியில் வரும் மொழிபெயர்ப்புக் குறிப்புகள். உணவு, திருவிழா, பள்ளிப் பழக்கங்கள் என ஜப்பானிய வாசகருக்கு விளக்கத் தேவையில்லாதவற்றை நமக்கு விளக்கும் அந்தப் பக்கங்களுக்காகவே நான் கோடான்ஷாவை விஸ்ஸுக்கு மேலே வைப்பேன். போலியைப் பிடிக்கவும் அவை உதவுகின்றன. இணையத்தில் திருட்டுத்தனமாகக் கிடைக்கும் பக்கங்களை எடுத்து அச்சிடுகிறவர்கள் பெரும்பாலும் கதைப் பக்கங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். குறிப்புகள், அடுத்த பாகத்தின் முன்னோட்டம், உரிமைப் பக்கம் ஆகியவை விடுபட்டுப்போகும்.

யென் பிரஸ் 2006இல் ஹாஷெட் பதிப்பகக் குழுமத்தில் உருவானது. 2016இல் அதன் பெரும்பான்மைப் பங்கு ஜப்பானியப் பதிப்பகமான கடோகாவாவின் கைக்குப் போனது. என் கணக்கில் பக்கத்தின் மீது அதிக அக்கறை காட்டுவது இவர்கள்தான். படத்தில் ஓசைகளைக் காட்டும் ஒலிக்குறிப்புகளை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதாமல், ஓவியர் வரைந்த ஜப்பானிய எழுத்துகளை அப்படியே வைத்து, பக்கத்தில் சிறிய எழுத்தில் உச்சரிப்பையும் பொருளையும் தருவது இவர்கள் பழக்கம். பல தொடர்களில் தொடக்கத்து வண்ணப் பக்கங்களைப் பளபளப்பான தாளில் வண்ணமாகவே அச்சிடுகிறார்கள். யென் பிரஸ் முத்திரை உள்ள பாகத்தில் அந்தச் சிறு எழுத்துகள் கரைந்துபோயிருந்தால் சந்தேகப்படலாம். படத்தைவிட முதலில் கெடுவது அந்த அளவு எழுத்துதான்.

டார்க் ஹார்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் வெளியிடும் ‘பெர்செர்க்’ டீலக்ஸ் வரிசை 2019இல் தொடங்கியது. 7 அங்குல அகலம், 10 அங்குல உயரம், தோல் போன்ற கருப்புக் கெட்டி அட்டை, பெரும்பாலானவற்றில் மூன்று மூன்று பாகங்கள்; தொடங்கியபோது அமெரிக்க விலை 49.99 டாலர். விலை அதிகம் என்பதால் போலிக்காரர்களுக்கு இலாபமும் அதிகம். என் நண்பர் ஒருவருக்கு வந்த பிரதியில் அட்டை தோல் போன்றதே அன்று. தோலின் சுருக்கங்களைப் படமாக அச்சிட்ட வழவழப்பான காகிதம். விரலால் தடவினாலே தெரிந்துவிடும் விஷயம், திரையில் தெரிவதில்லை.

உரிம வரலாறு தெரிந்திருந்தாலும் ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். கோடான்ஷா 2009இல் தன் தொடர்களின் உரிமத்தை டோக்கியோபாப் என்ற அமெரிக்கப் பதிப்பகத்துக்குப் புதுப்பிக்க மறுத்தது. டோக்கியோபாப் தன் அமெரிக்க மாங்கா வெளியீட்டை 2011 மே மாதத்தோடு நிறுத்தியது. பின்னர் அது மீண்டும் புத்தகம் போடத் தொடங்கினாலும், பறிபோன கோடான்ஷா தொடர்கள் அதன் முத்திரையோடு இப்போது அச்சாக வழியில்லை. அப்படிப்பட்ட ஒரு தொடரை “புத்தம் புதிய அச்சு” என்று ஒருவர் விற்றால், அது பழைய பிரதியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போலியாக இருக்க வேண்டும்.

ரசிகர்கள் பயன்படுத்தும் இன்னொரு சோதனையும் உண்டு. ‘ஒன் பீஸ்’ தொடரின் மூன்று வாள் வீரனை உலகமே ஜோரோ என்று அழைக்க, விஸ் மட்டும் பல ஆண்டுகளாக ஜோலோ என்றே அச்சிட்டுவந்தது. எத்தனையோ ரசிகர்கள் இதற்காக அந்தப் பதிப்பகத்தைத் திட்டியிருக்கிறார்கள், நான் உட்பட. ஆனால் விஸ் முத்திரை போட்ட புத்தகத்துக்குள் அவன் ஜோரோவாக இருந்தால், உள்ளே இருப்பது ரசிகர்கள் இணையத்தில் செய்த மொழிபெயர்ப்போ என்று சந்தேகிக்கலாம். விஸ்ஸின் மின்பதிப்பிலிருந்து திருடியிருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. அப்போது ஸ்கிரீன்டோனும் உரிமைப் பக்கமும்தான் துணை.

என் புகாருக்கு வருகிறேன். இணையச் சந்தையின் உரையாடல் பெட்டியில் பேசியவர்கள், இந்தப் பொருளுக்கு மாற்றித் தரும் வசதி மட்டுமே உண்டு, பணம் திரும்பாது என்று மீண்டும் மீண்டும் சொன்னார்கள். மாற்றாக வந்த பெட்டியும் அதே அச்சு. உரிமைப் பக்கத்தின் தவறு எண் உட்பட. அதன்பிறகு உரையாடலை நிறுத்திவிட்டு, அந்தச் சந்தையின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020இன்படி, புகார் கிடைத்ததை அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போலியான பொருளைத் திரும்பப் பெறவும், அதற்கான பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. கடையில் வாங்கிய பாகத்தையும் வந்த பாகத்தையும் ஒரே பக்கத்தில் திறந்துவைத்து எடுத்த படங்கள், ஒரே எண் கொண்ட உரிமைப் பக்கங்கள், பெட்டியைப் பிரித்தபோது எடுத்த காணொளி ஆகியவற்றை இணைத்தேன். “தரம் சரியில்லை” என்று எழுதாமல், “இது பதிப்புரிமையை மீறிய கள்ளப் பிரதி” என்று எழுதினேன். தரக்குறைவு என்றால் அவர்கள் மாற்றித் தருவதோடு முடித்துக்கொள்வார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 63ஆம் பிரிவின் கீழ் தெரிந்தே செய்யும் மீறல் சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதால், அந்தச் சொல்லுக்குக் கிடைக்கும் கவனம் வேறு. பணம் திரும்பி வந்தது இந்த மின்னஞ்சலுக்குப் பிறகுதான். இதுவும் பலிக்காதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம்.

இனி நாங்கள் வாங்குவது புத்தகக் கடைகளிலும், பதிப்பகத்தின் இந்திய விநியோகஸ்தரிடமிருந்து சரக்கு எடுப்பதாகச் சொல்லும் கடைகளிலும் மட்டுமே. விஸ் புத்தகங்களை இங்கே சைமன் அண்ட் ஷூஸ்டரும், கோடான்ஷாவின் புத்தகங்களைப் பெங்குயின் ரேண்டம் ஹவுஸும், யென் பிரஸ் புத்தகங்களை ஹாஷெட்டும் விநியோகிக்கின்றன. இணையச் சந்தையில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், “விற்பவர்” என்ற இடத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். சந்தையின் பெயர் பெரிதாக இருப்பதால் விற்பவரும் பெரியவர் என்று அர்த்தமில்லை. ஒரே புத்தகத்தின் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள், பெரும்பாலும் விலை குறைந்தவரே முதலில் தெரிவார். நட்சத்திர மதிப்பீடுகளையும் நம்ப வேண்டாம். அவை புத்தகத்துக்கானவை, அசலை வாங்கியவரும் போலியை வாங்கியவரும் ஒரே இடத்தில்தான் மதிப்பிடுகிறார்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் போட்ட படங்களைத் தேடிப் பார்ப்பது பயனுள்ளது. நான் புகார் எழுதியபின் பார்த்தபோது, அங்கே என்னுடையதைப் போன்ற மங்கலான பக்கங்களின் படங்கள் ஏற்கெனவே இருந்தன.

பெட்டியைத் திரும்ப எடுத்துச் செல்ல வந்த பணியாளரிடம் 23 பாகங்களையும் கொடுத்து அனுப்பினோம். அவற்றை அழிப்பார்களா என்று கேட்டபோது, விற்பனையாளருக்கே திருப்பி அனுப்பப்படும் என்று சந்தையிலிருந்து பதில் வந்தது. சில வாரங்கள் கழித்து அந்தக் கடையின் பெயர் மறைந்துவிட்டது. அதே விளம்பரப் படங்களோடும், கையேடு, சுவரொட்டி பற்றிய பேச்சே இல்லாத அதே வருணனையோடும், அந்த வருணனையில் இருந்த அதே எழுத்துப்பிழையோடும், இப்போது வேறொரு கடை அந்தத் தொகுப்பை விற்றுக்கொண்டிருக்கிறது.