முடிவு தெரிந்த தண்டனையா, முடிவு தெரியாத தண்டனையா?

அமெரிக்காவில் வன்புணர்வுக்கு எத்தனை ஆண்டு என்பதை பெரும்பாலும் அந்தந்த மாநிலச் சட்டமே முடிவு செய்கிறது. கலிஃபோர்னியாவையும் கொலராடோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கலிஃபோர்னியாவில் பொதுவாக 3, 6, 8 ஆண்டுகள் என்ற மூன்றில் ஒன்றை நீதிபதி தேர்ந்தெடுக்கிறார். கடத்தல், ஆயுதம் போன்றவை நிரூபணமானால் 15 அல்லது 25 ஆண்டு முதல் ஆயுள் வரை போகும். மற்றபடி, தீர்ப்பன்றே கணக்குத் தெரிந்துவிடும்.

கொலராடோவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடுமையான பாலியல் குற்றங்களுக்கு நீதிபதி குறைந்தபட்சக் காலத்தை மட்டும் சொல்கிறார், உச்சவரம்பு ஆயுள். எப்போது விடுவது என்பது பரோல் (நிபந்தனையோடு விடுதலை) வாரியத்தின் கையில். அதற்குக் கைதி, பாலியல் குற்றவாளிகளுக்கென்று சிறைக்குள் தரப்படும் சிகிச்சையில் முன்னேற்றம் காட்ட வேண்டும். ஆனால் சிகிச்சைக்கே வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. குறைந்தபட்சக் காலம் முடிந்தும் இடம் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. வெளியே வந்தாலும் குறைந்தது 10 அல்லது 20 ஆண்டு கண்காணிப்பு. சரி, ஆபத்தானவரை அவசரப்பட்டு விடாமலிருக்க இந்த முறை உதவும்தான்.

இருந்தாலும் என் மனம் கலிஃபோர்னியா பக்கமே சாய்கிறது. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு பரோல் விசாரணைக்கும் அந்த நாளை மறுபடி நினைத்து நடுங்குவது பெரிய கொடுமை.