‘என்1 நிச்சயத் தேர்ச்சி’ என்று சொல்லும் வகுப்பில் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஜப்பானிய மொழித் தேர்வில் கடைசிப் படியான என்1-க்கு ஆன்லைன் வகுப்பு ஒன்றில் 18,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். “அதிகாரப்பூர்வ இலக்கணப் பட்டியல் எங்களிடம் இருக்கிறது, தேறாவிட்டால் பணம் வாபஸ்” என்பது விளம்பரம். 2010-இல் தேர்வு மாற்றியமைக்கப்பட்ட பிறகு அப்படி ஒரு பட்டியலைத் தேர்வு நடத்துபவர்கள் வெளியிடுவதே இல்லை. இது எனக்குத் தெரிந்தபோது பணம் போய்விட்டது.

பணத்தைவிட வயிறு எரிவது சொல்லிக்கொடுத்த லட்சணத்துக்குத்தான். சொல்லின் பின்னால் சேரும் ஜப்பானிய இலக்கண வடிவங்களான கச்சி, கிமி, ப்பொய், கிராய் கா அரு நான்கையும் ஒரே பக்கத்தில் போட்டு, எதிரே “கெட்ட போக்கு” என்று ஒரே பொருள். வித்தியாசம் கேட்டேன். “தேர்வுக்கு இது போதும்” என்றார்கள்.

ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பு வேலை எனக்கு. வாடிக்கையாளரிடமிருந்து பதில் அடிக்கடி தாமதமாகிறது என்பதைக் கூட்டக் குறிப்பில் ‘ஒகுரெரு கிராய் கா அரு’ என்று எழுதிவிட்டேன். மேலாளர் தாளோடு என் மேசைக்கே வந்தார். அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம். “ஒகுரெகச்சி என்றால் அடிக்கடி தாமதம், அவ்வளவுதான். நீங்கள் எழுதியது அவர்களுடைய குணத்தையே குறை சொல்கிறது” என்றார், குரலை உயர்த்தாமல். அன்று மாலை அந்தக் குறிப்பு வாடிக்கையாளருக்கே போக வேண்டியது. எனக்குக் கை சில்லிட்டுப்போனது.

கிராய் கா அரு எழுத்து நடை. பிறரையோ சமூகத்தையோ விமர்சிக்கும்போது வருவது. கிமி இப்போதைக்கு லேசாக இருக்கிற நிலை: கசெகிமி என்றால் சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது. ப்யோகிகச்சி என்றால் அடிக்கடி நோயில் விழுபவர். ஒகொரிப்பொய் நம் ‘முன்கோபி’. இதை விளக்கப் பத்து நிமிடம் போதும், அதைக்கூட அவர்கள் செய்யவில்லை.

ஜனவரியில் முடிவு வந்தது: 180-க்கு 94. தேற 100 வேண்டும். பணத்தைக் கேட்டேன். எல்லா வகுப்புக்கும் நேரலையில் வந்திருந்தால்தான் வாபஸ் என்று அதுவரை சொல்லாத நிபந்தனையைக் காட்டினார்கள். மாதக் கடைசி வேலையில் நான் இரண்டு வகுப்பு விட்டிருந்தேன். மறுநாள் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

சேருமுன் வாபஸ் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். மாதிரி வகுப்பில் உட்கார்ந்து, கச்சிக்கும் கிமிக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். ஏற்கெனவே பணம் கட்டி மாட்டியிருந்தால் ரசீதையும் விளம்பரப் படத்தையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன்.