ஜிப்ஸிக்குள் எஸ்டீம் என்ஜின்: லிங்கராஜபுரத்தில் வாட்டர் பம்ப் மாற்றிய அனுபவம்

அப்பா வாங்கி வைத்த மாருதி ஜிப்ஸி 1992 மாடல். உள்ளே ஓடுவது மாருதியின் இன்னொரு காரான எஸ்டீமின், கார்புரேட்டர் காலத்து 1.3 லிட்டர் என்ஜின். வண்டியோடு வந்த 970 சிசி என்ஜின் புகை தள்ள ஆரம்பித்ததும் அப்பாவே அலைந்து திரிந்து இதை ஏற்றினார். ஆர்.சி.யிலும் புது என்ஜின் நம்பரைப் பதிவு செய்து வைத்தார். கோலார் தங்க வயலில் (கே.ஜி.எப்.) வேலை பார்த்தவர் அவர். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகுதான் நாங்கள் பெங்களூருக்கு வந்தோம். இப்போது அப்பா இல்லை. மாதம் ஒரு தடவை அம்மாவை ஏற்றிக்கொண்டு கே.ஜி.எப். போய் வருவது நான். சித்தி குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

போன மாதம் அப்படிப் போகும்போது, நரசாபுரா தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறியது. கூடவே ஒரு தித்திப்பு வாசனை. ஓரம் கட்டிப் பார்த்தால் முன்பக்கம் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் ரேடியேட்டர் மூடியைத் தொட்டேன். பெங்களூரு, கோலார் பக்கமெல்லாம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 என்று அச்சடித்த அந்தச் சின்ன மூடிதான் உள்ளே அழுத்தம் கொடுத்து, இன்னும் ஏறக்குறைய 20 டிகிரி தாங்க வைக்கிறது. சூட்டோடு அதைத் திறந்தால் முகம் வெந்துபோகும். தயவுசெய்து யாரும் அவசரப்படாதீர்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மெக்கானிக் ஹோஸ் கிளாம்பை முறுக்கி, குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்பினார். இரண்டு நாள்தான். மறுபடி அதே சொட்டு. அப்புறம்தான் சித்தப்பா சொன்ன இந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். லிங்கராஜபுரத்தில், மேம்பாலத்திலிருந்து இறங்கி உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் எப்போதும் ஒரு பழைய ஜீப் சேசிஸ். நடத்துபவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாணியம்பாடிக்காரர், அறுபது வயது இருக்கும். கூட வேலை பார்ப்பது இரண்டே பையன்கள்.

பாய் முதலில் செய்தது ஸ்பேனரை எடுப்பதல்ல. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து, கூலன்டை என்ஜினுக்குள் சுற்றவிடும் வாட்டர் பம்புக்கு அடியில் காட்டினார். அங்கே ஒரு சிறு துளை இருக்கிறது. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய்விடாமல் வெளியே சொட்டட்டும் என்பதற்காகவே கம்பெனியில் வைக்கும் துளை. அதிலிருந்து கீழே பச்சைக் கறை கோடாக இறங்கியிருந்தது. பம்பைச் சுழற்றும் வெளிப் பெல்ட்டைத் தளர்த்தி, பம்பின் புல்லியைப் பிடித்து ஆட்டச் சொன்னார். கையிலேயே ஆட்டம் தெரிந்தது. “சீலும் போச்சு, பேரிங்கும் போச்சும்மா. கிளாம்ப் மேல ஒரு தப்பும் இல்ல” என்றார். எதையும் வாயால் மட்டும் சொல்லாமல் கண்ணில் காட்டிச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

பம்ப் வாங்கிய கதையை விரிவாகச் சொல்லியாக வேண்டும். என்ஜின் மாற்றிய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இது நடக்கும். பாயிடம் வருவதற்கு முன்பே நான் ஜே.சி. ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பம்ப் வாங்கி வைத்திருந்தேன். “என்ன வண்டி, எந்த வருஷம்?” என்று கேட்டார்கள். ஜிப்ஸி, 1992 என்றேன். கொடுத்துவிட்டார்கள். பாய் பெட்டியைத் திறந்து பார்த்த உடனே மூடிவிட்டார். அது 970 சிசி என்ஜினுக்கானது, துளைகளே சேராது. திருப்பிக் கொடுத்து, 1.3 ஜிப்ஸி என்று சொல்லி இன்னொன்று வாங்கினேன். துளைகள் சேர்ந்தன. ஆனால் அதன் முகத்தில் நான்கு ஸ்டட் (மரை போட்ட கம்பி) நீட்டிக்கொண்டிருந்தன. ஜிப்ஸியில் ஃபேன் பம்பின் மேலேயே சுற்றும், அதைத் தாங்கத்தான் அந்த ஸ்டட். அப்பா என்ஜின் மாற்றியபோது எஸ்டீம் மாதிரியே எலெக்ட்ரிக் ஃபேன் வைத்துவிட்டார். என் கையில் இருந்த பம்பில் புல்லி உட்காரும் இடமும் சில மில்லிமீட்டர் முன்னால் வந்தது. அதை அப்படியே மாட்டியிருந்தால் பெல்ட் கோணலாக ஓடி, புது பேரிங்கையும் சீக்கிரமே தின்றிருக்கும்.

“வண்டிக்குப் பம்பு கெடையாதும்மா. என்ஜினுக்குத்தான் பம்பு” என்று சொல்லி, கழற்றிய பழைய பம்பை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்து அனுப்பினார். இந்த முறை போன கடையில் ஒரு பெரியவர் வண்டி எது என்று கேட்கவே இல்லை. பழைய பம்பைக் கவுன்டரில் வைத்து, புதியதைப் பக்கத்தில் வைத்து, போல்ட் துளைகளை எண்ணி, புல்லி முகத்தின் உயரத்தை வெர்னியரில் அளந்து பார்த்துவிட்டுத்தான் பில் போட்டார்.

மாருதி ஜெனுயின் பம்ப் 1,850 ரூபாய். அதே கவுன்டரில் 900 ரூபாய்க்கும் ஒன்று இருந்தது. இரண்டையும் கையில் சுற்றிப் பார்த்தேன். விலை குறைந்ததில் லேசான சொரசொரப்பு, கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட் வெறும் தாள் மாதிரி. ஜெனுயின் பம்ப் வெண்ணெய் மாதிரி சுற்றியது. இந்த என்ஜினில் பம்பை எட்டுவதற்கு டைமிங் கவரையும், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் பெல்ட்டையும் கழற்றியே ஆக வேண்டும். 950 ரூபாய் மிச்சம் பிடித்து, ஒரு வருடத்தில் மறுபடி அத்தனையும் பிரிக்கக் கூலி கொடுப்பது கணக்கில் சேராது. டைமிங் பெல்ட்டும் கூலன்டில் நனைந்திருந்ததால், அந்த பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கூலன்ட் 82 டிகிரி சூடானதும் வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட் மூன்றையும் சேர்த்தே வாங்கினேன்.

மாட்டும்போது ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். பாய் தடுக்கவில்லை. பம்புக்கும் ஆயில் பம்புக்கும் நடுவில் ஒன்று, பம்புக்கும் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் ஒன்று என்று இரண்டு சின்ன ரப்பர் சீல் வர வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டுமே இல்லை. முன்பு யாரோ பிரித்து மாட்டியபோது விட்டுவிட்டார்கள். இத்தனை வருடமாக டைமிங் பெல்ட்டுக்குள் தூசி போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த இரண்டு ரப்பருக்காக ஒரு பையனை சிவாஜிநகருக்கு அனுப்பினார், அன்றைய வேலை அங்கேயே நின்றது. எனக்கு அது தாமதமாகவே தெரியவில்லை.

என்ஜின் உடலான பிளாக்கின் முகத்தில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை எடுக்க உளி, ஹேக்ஸா பிளேடு எதையும் தொடவில்லை. இந்த என்ஜினில் பிளாக்கும் அலுமினியம், கீறல் விழுந்தால் அங்கேயே கசியும். ஊறவைத்து, ஒரு பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டினார். சிலிக்கானை அள்ளிப் பூசும் பழக்கமும் அவரிடம் இல்லை. உள்பக்கம் பிதுங்கும் சிலிக்கான் பிய்ந்து ரேடியேட்டர் குழாயை அடைத்துவிடும் என்றார். போல்ட் எல்லாம் சின்னவை, 10 நியூட்டன் மீட்டர் போதும். அதைக்கூட டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்கினார். அலுமினியத்தில் மரை போனால் என்ன பாடு என்று தெரிந்தவர் செய்கிற வேலை. டைமிங் குறிகளை நேர் வைத்து பெல்ட் போட்டு, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி அதே இடத்துக்கு வந்தனவா என்று என்னையும் பார்க்கச் சொன்னார்.

கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. பக்கத்து மெக்கானிக் ஊற்றிய தண்ணீர் முழுவதையும் வடித்து, இரண்டு முறை அலசினார். எங்கள் பகுதி போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளைப் படலம் கட்டும், என்ஜினுக்குள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்துவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றுக் குமிழ் நிற்கும்வரை காத்திருந்தார். இதற்கே முக்கால் மணி நேரம் ஆனது.

குறைகளும் உண்டு. ஒரு நாள் என்று சொன்ன வேலை மூன்று நாள் எடுத்தது. அதில் ஒரு நாள் ரப்பருக்காக, அது நியாயம். இன்னொரு நாள் வேறொரு வண்டி அவசரமாக வந்ததால், அதை எனக்கு ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். பில் என்று தாள் எதுவும் தருவதில்லை. நான் கேட்ட பிறகு ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்: கூலி 2,800 ரூபாய். பொருள், கூலன்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 7,400 ஆனது. உட்கார நிழல் வேப்பமரம்தான், பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அடுத்த ஞாயிறே கே.ஜி.எப். போய் வந்தோம். நரசாபுரா ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோதும் முள் பாதிக்குக் கீழேயே நின்றது. அம்மா அந்த முள்ளையேதான் பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பி வந்து கீழே ஒரு அட்டையை விரித்து வைத்தேன். காலையில் அட்டை காய்ந்தே கிடந்தது.

500 கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லியிருந்தார். போனேன். புது பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது, இறுக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. காலை பத்து மணிக்குத் திறக்கிறார், வெள்ளிக்கிழமை மதியம் பூட்டியிருக்கும். போகும்போது என்ஜின் நம்பரை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், முதல் கேள்வி அதுதான்.