ஊட்டித் தைலம்: எந்தப் பாட்டிலுக்குக் காசு கொடுக்கலாம்?

ஊட்டிக் கடைத்தெருவில் வாங்கிய மூன்று பாட்டில்கள் சோதனைக்கு வந்தன: லேபிள் ஒட்டிய யூகலிப்டஸ், லேபிளே இல்லாமல் பழைய பாட்டிலில் ஊற்றித் தந்த யூகலிப்டஸ், 'அசல் இயற்கை' என்று பக்கத்துக் கடையைவிட இரண்டு மடங்கு விலை சொன்ன விண்டர்கிரீன் (வலிக்குத் தேய்க்கும் தைலம்). முதலாவதை வாங்கலாம். இரண்டாவது வேண்டவே வேண்டாம். மூன்றாவதன் சங்கதி வேறு.

யூகலிப்டஸ் தைலத்தில் மருந்து என்பது சினியோல். பிரிட்டிஷ் ஃபார்மகோபியா என்ற மருந்துத் தர நூல் குறைந்தது 70 சதவீதம் கேட்கிறது, அடர்த்தி 0.906 முதல் 0.927, ஒளிவிலகல் எண் 1.458 முதல் 1.470. எல்லாம் 20 டிகிரியில். ஊட்டி ஆய்வகத்தில் காலையில் 14 டிகிரிதான் இருக்கும். ஒரு டிகிரிக்கு 0.00045 வீதம் கழிக்காவிட்டால், ஒளிவிலகலை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 0.0027 கூட்டிச் சொல்லும். 25 மில்லி அடர்த்திக் குப்பியையும் 20 டிகிரி தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து, வெளியே துடைத்துவிட்டுத்தான் எடை பார்க்க வேண்டும்.

முதல் பாட்டில்: அடர்த்தி 0.913, ஒளிவிலகல் 1.4622. இரண்டாவது: 0.889, 1.4660. இரண்டாவதன் ஒளிவிலகல் எண் வரம்புக்குள்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். டர்பன்டைனின் எண் 1.470-ஐ ஒட்டியது; அதைக் கலந்தால் ரிஃப்ராக்டோமீட்டர் கண்டுபிடிக்காது, அடர்த்திதான் காட்டிக்கொடுக்கும். டர்பன்டைன் 0.865 என்று வைத்துக்கொண்டால் இந்தப் பாட்டிலில் ஏறக்குறைய பாதி அதுதான். மண்ணெண்ணெயாக இருந்தால் ஒளிவிலகலும் சேர்ந்தே இறங்கியிருக்கும். வடிதாளில் ஒரு சொட்டு விட்டதில் எண்ணெய்க் கறை நிற்கவில்லை. ஆகவே சமையல் எண்ணெயும் இல்லை. பத்து சதவீதம் மட்டும் கலந்திருந்தால் அடர்த்தியும் தப்பிவிடும், அப்போது கலவையின் கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி இல்லாமல் தீராது.

ஆல்கஹால் சோதனை வீட்டிலும் முடியும் என்பார்கள்; பாதி உண்மை. 1 மில்லி தைலத்துக்கு 5 மில்லி 70 சதவீத ஆல்கஹால்: நல்ல தைலம் தெளிவாகக் கரையும், இரண்டாவது பாட்டில் பால்போல் கலங்கியது. ஆனால் ஆல்கஹால் 65-க்கு இறங்கினாலோ குளிரில் செய்தாலோ நல்ல தைலமும் கலங்கும். 95 சதவீத ஆல்கஹாலில் 73.7 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்த்து 100 மில்லி ஆக்குங்கள், கண்ணளவு வேண்டாம்.

முதல் பாட்டிலின் சினியோலுக்கு ஆர்த்தோ கிரெசால் முறை: நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்திய தைலம் 3.00 கிராம், உருக்கிய கிரெசால் 2.10 கிராம், கிளறிக்கொண்டே உறைநிலை பார்ப்பது; சினியோல் கூடினால் உறைநிலையும் கூடும். கிரெசால் ஈரம் உறிஞ்சும். மூடுபனி நாளில் பாட்டிலைத் திறந்து வைத்தால் உறைநிலை இறங்கி, சினியோல் குறைவாகத் தெரியும். உலர்ந்த கிரெசாலில் சினியோல் 70 சதவீதத்தைத் தாண்டியது. பாட்டில் கண்ணாடி என்பது நல்லது. ரப்பர் மூடிச் சொட்டுக்குழாய் மோசம், தைலம் பட்டு உப்பிவிடும்.

இனி விண்டர்கிரீன். ஒளிவிலகல் 1.5365, தண்ணீரில் போட்டால் மூழ்கியது, ஃபெரிக் குளோரைடில் ஊதா. விண்டர்கிரீனின் முக்கியப் பொருளான மெத்தில் சாலிசிலேட்தான் என்பதில் சந்தேகமில்லை. அளவு பார்க்க ஆல்கஹாலில் கரைத்த பொட்டாஷ் என்ற காரத்துடன் கொதிக்கவைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 78 டிகிரியில் கொதிக்க வேண்டிய ஆல்கஹால் இந்த உயரத்தில் 72-லேயே கொதிக்கும், அதனால் வினை மெதுவாகும். இரண்டு மணி நேரத்தைச் சுருக்கினால் மெத்தில் சாலிசிலேட் வினைபுரியாமல் மிச்சம் நின்று சதவீதம் குறையும்.

சாலிசிலிக் அமிலம், மெத்தனால், கொஞ்சம் சல்ஃபியூரிக் அமிலம் சேர்த்துக் காய்ச்சினாலும் இதே மூலக்கூறுதான் வரும், இதே எண்களோடு. கடைக்காரர் இயற்கைக்குச் சான்றாகக் காட்டிய செந்நிறம், இரும்புக் கொப்பரையின் இரும்பு ஏறியதால் வருவது, செயற்கையிலும் வரவைக்கலாம். பெட்ரோலியத்திலிருந்து வந்ததா என்று சொல்ல கார்பன் 14 அளக்க வேண்டும்; செடியில் அது இருக்கும், பெட்ரோலியத்தில் இருக்காது. அந்த அறிக்கை இல்லாமல் இரட்டை விலை கொடுக்காதீர்கள்.

பாட்டிலில் குழந்தைகள் திறக்க முடியாத மூடி இல்லை. 5 மில்லி விண்டர்கிரீன் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உயரமான அலமாரியில், பூட்டி வையுங்கள்.