மூட்டைப்பூச்சிக்கு டயட்டம் தூள்: ஒரு வருட அனுபவம்

போன சித்திரையில் மகன் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, பெட்டி படுக்கையோடு எங்கள் வேளச்சேரி வீட்டுக்கு வந்தான். மூன்றே வாரத்தில் தலையணை உறையின் ஓரத்தில் பேனா மை தெறித்த மாதிரி கரும்புள்ளிகள். கட்டில் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு திருகாணித் துளையிலும் மூட்டைப்பூச்சி அடைந்திருந்தது.

மருந்து அடிப்பவர்கள் இரண்டு முறை வந்தார்கள். பத்து நாள் நிம்மதியாகத் தூங்குவோம், அப்புறம் மறுபடி கடி. வழக்கமாக அடிக்கிற பைரித்ராய்டு வகை மருந்துகளை இன்றைய மூட்டைப்பூச்சிகள் பல இடங்களில் தாங்கப் பழகிவிட்டன. அதனால்தான் ஆடி மாதம் டயட்டமேசியஸ் எர்த் ஒரு கிலோ வாங்கினேன். டயட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகள் காலங்காலமாகப் படிந்து உண்டான மண் இது. பூச்சியின் தோல்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. உடம்பு ஈரத்தைக் காப்பது அதுதான். இந்தத் தூள் அந்த மெழுகை எடுத்துவிடுவதால் பூச்சி காய்ந்து சாகிறது.

முதல் வாரம் கோலமாவு மாதிரி அள்ளிப் போட்டேன். அது பெரிய தவறு. குவியலைப் பூச்சி சுற்றிக்கொண்டு போய்விடும். போதாததற்கு ஃபேன் காற்றில் தூள் பறந்து அத்தைக்கு ராத்திரி முழுக்க இருமல். மறுநாளே எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன்.

இரண்டாம் முறை ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டுக்கொண்டு, பழைய பெயின்ட் பிரஷின் நுனியில் தூளைத் தொட்டு, உதறிவிட்டுத் தடவினேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடாது, விரல் வைத்தால் வறவறவென்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் அளவு. கட்டில் மூட்டுகள், திருகாணித் துளைகள், பலகையின் அடிப்பக்கம், சுவரும் தரையும் சேரும் விரிசல். மெத்தையின் மேல் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை.

அப்புறம் காத்திருப்புதான். தூள் முட்டையை ஒன்றும் செய்யாது. ரவைத் துணுக்கு அளவில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டைகள் ஆறிலிருந்து பத்து நாளில் பொரிந்து, குஞ்சு தூளில் நடந்தால்தான் சாகும். அதுவரை நாமும் அதே கட்டிலில்தான் படுக்க வேண்டும். வேறு அறைக்குப் போனால் நம் மூச்சையும் சூட்டையும் தேடி அங்கேயும் வந்துவிடும். மகன் அதற்கு ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். பன்னிரண்டாம் நாள் பலகையைத் தூக்கினால் நான்கு பூச்சிகள் மல்லாந்து கிடந்தன. ஒன்றைக் காகிதத்தில் எடுத்தேன்; கனமே இல்லை, நெற்பதர் மாதிரி. நசுக்கினால் வரும் அந்த நாற்றமும் இல்லை. அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

புரட்டாசியில் கடி நின்றது. ஐப்பசி அடைமழையில் திரும்ப வந்தது. சுவரோரத் தூள் மழைக்கால உப்பு ஜாடி மாதிரி கட்டிப்போயிருந்தது. ஈரம் குடித்த தூளால் பயனில்லை. சென்னை மாதிரி ஊரில் இதுதான் இதன் பெரிய குறை. மழை விட்டதும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புதிதாகத் தடவினேன். போர்வை, உறைகளை வாராவாரம் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்தோம். அதையும் செய்யாமல் தூளை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் இழுத்திருக்கும்.

கடைசியாக உயிரோடு ஒன்றைப் பார்த்தது மாசியில்.

வாங்குகிறவர்கள் பாக்கெட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். நீச்சல்குள வடிகட்டிக்கென்று விற்பதைத் தொடவே வேண்டாம். சூடேற்றிப் பதப்படுத்திய அந்தத் தூளில் படிக சிலிக்கா அதிகம், நுரையீரலுக்குக் கெடுதல். உணவுத் தரம் என்று போட்டதையும் மாஸ்க் இல்லாமல் கையாளாதீர்கள். வீட்டில் இளைப்பு உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருந்தால், தூவும்போது அவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள். இப்போதும் கட்டில் கால் நான்கின் அடியிலும் வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் வைத்திருக்கிறேன். விழுந்த பூச்சி ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இந்த ஆடி வரை காலியாகத்தான் இருக்கின்றன.